திரையில் வராத கட்டம்

1

இந்த வாரம் எனக்கு ஒரு பூங்கொத்தும், என் பெயர் பொறித்த ஒரு பேனாவும் கொடுத்தார்கள். நான் கம்பெனியில் சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டதாம். எங்கள் பிரிவுத் தலைவர் ஹோல்கர் எழுந்து நாலு வார்த்தை பேசினார். இந்தியாவுக்கும் எங்களுக்கும் நடுவில் இவர் ஒரு பாலம் என்றார். எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். பாராட்டு என்றால் இங்கே அப்படித்தான். கேக் வெட்டினோம். பேனாவில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. அதைச் சொல்லவில்லை.

அதே வாரம் ஆம்பூரில் என் தங்கை செல்விக்கு வேலை போனது. அவள் மேற்பார்வை பார்த்த தையல் லைனை மூடிவிட்டார்கள். மூட வைத்தது நான் கேக் தின்ற இந்தக் கம்பெனிதான்.

வெளிநாட்டிலிருந்து ஒருத்தி எழுதுகிறாள் என்றால் பனி, தனிமை, கிடைக்காத கறிவேப்பிலை என்று எதிர்பார்ப்பீர்கள். கறிவேப்பிலை கிடைக்கிறது. பனி பழகிவிட்டது. என்னிடம் சொல்வதற்கு இருப்பது ஒரு மென்பொருளும் அதில் ஒரு கட்டமும்தான். படிக்கச் சலிப்பாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது, லைன் மூடுகிற வரைக்கும்.

2

நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கில் ஒரு சிறு நகரம். கம்பெனி காலணிக் கம்பெனி. ஆனால் இங்கே யாரும் காலணி செய்வதில்லை. இங்கே வரைகிறார்கள், விற்கிறார்கள். செய்வது ஆம்பூரில். அந்த ஆம்பூர்த் தொழிற்சாலையின் அலுவலகத்தில்தான் கல்யாணத்துக்கு முன்பு நானும் வேலை பார்த்தேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தோம். தமிழ் தெரியும், தோல் தெரியும் என்று என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு திட்டம் உண்டு. தோல் வாங்குவது, சாயமேற்றுவது, நிறத்துக்கு ஒப்புதல் வாங்குவது, வெட்டுவது, மேல்பாகம் தைப்பது, கப்பலில் ஏற்றுவது. ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் தேதி, முடியும் தேதி, எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்பது இருக்கும். ஆம்பூரில் இதைப் பார்ப்பவர் இம்தியாஸ் பாய். நான் அங்கே இருந்தபோது எனக்கு சீனியர். தன் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருளில் திட்டத்தைப் போட்டு, வாராவாரம் ஒரு கோப்பாக எனக்கு அனுப்புவார். நான் திறந்து சரிபார்த்து ஆன்லைனில் ஏற்றுவேன். ஹோல்கர் பார்ப்பது ஆன்லைனில் மட்டும்தான்.

பாய் எல்லா வரியிலும் தொண்ணூறு சதவீதம் என்று போடுவார். ஒரு நாள் போனில் கேட்டேன்.

"இன்னா பாய், எதப் பார்த்தாலும் தொண்ணூறு?"

"பாதின்னு போட்டா அங்கேந்து மெயில் மேல மெயில் வரும்மா. ஒரே பேஜாரு. தொண்ணூறுன்னு போட்டா கம்முனு இருப்பாங்க."

"அப்ப நூறுன்னே போட்டுடுங்களேன்."

"அது பொய்யாயிடும்மா."

உண்மையை அவர் வேறு இடத்தில் எழுதுவார். அந்த மென்பொருளில் நாமே பெயர் வைத்து வேண்டிய கட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பாய் ஒன்றைச் சேர்த்து 'நிலவரம்' என்று பெயர் வைத்திருந்தார். அதில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார். "மூணாவது வாட்டி கலர் அனுப்பியாச்சு. பதில் இல்ல. லைன் சும்மா குந்தினு இருக்குது." "பக்கிள் அவங்க மாத்தினாங்க, நம்ம இல்ல. பழசு மூட்டை மூட்டையா கிடக்குது." நான் படிப்பதற்காகவே எழுதியவை. கோப்பைத் திறந்ததும் நான் முதலில் போவது அந்தக் கட்டத்துக்குத்தான். சதவீதத்தைப் பார்ப்பதே இல்லை.

கோளாறு இங்கேதான். ஒருவர் தன் கம்ப்யூட்டரில் தானாகச் சேர்த்த கட்டம் ஆன்லைன் திரைக்குப் போகாது. தேதி போகும், சதவீதம் போகும், 'நிலவரம்' கோப்புக்குள்ளேயே கிடக்கும். ஆன்லைனில் ஒரு கட்டம் தெரிய வேண்டுமானால் நிர்வாகி அதை மையத்தில் உருவாக்க வேண்டும். பிறகுதான் எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் அது இறங்கிவரும். எழுதியதும் மேலே போய்ச் சேரும்.

ஆக, ஹோல்கரின் திரையில் தெரிந்தது இவ்வளவுதான்: நிற ஒப்புதல், தொண்ணூறு சதவீதம். அடுத்த வாரமும் தொண்ணூறு. அதற்கடுத்த வாரமும் தொண்ணூறு. பக்கத்தில் சிவப்பு. தாமதத்துக்குப் பொறுப்பு: ஆம்பூர்.

நிறத்துக்கு ஒப்புதல் தர வேண்டியவர்கள் எங்கள் மாடியில் இரண்டு அறை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பூரிலிருந்து வந்த தோல் துண்டுகள் அவர்கள் ஜன்னல் ஓரத்தில் காபிக் கோப்பைக்கு அடியில் கிடந்ததை நானே பார்த்தேன்.

கூட்டத்தில் சொன்னேன், தாமதம் நம்முடையது என்று. ஹோல்கர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். "எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லையே. கணினியில் இல்லாததை நான் எப்படி எடுத்துக்கொள்வது?" குறிப்பு எழுதும் இடத்தில் பாயின் வார்த்தைகளை மொழிபெயர்த்து ஒட்டிப் பார்த்தேன். அது மேலே போனது. ஆனால் மாத அறிக்கையில் அந்த இடம் வராது. யாரும் திறப்பதும் இல்லை.

3

ஆம்பூர்க்காரர்கள் ஏன் நேரடியாகச் சொல்லவில்லை என்று இங்கே கேட்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரர் வருகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே தொழிற்சாலை மாறிவிடும். ஓடாத மின்விசிறி ஓடும். கழிவறையில் சோப்பு வரும். எல்லோருக்கும் புதுத் தொப்பி கொடுப்பார்கள், அவர்கள் போனதும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மேனேஜர் லைன் லைனாக வந்து ஒரே பாடம் நடத்துவார். "இன்னா கேட்டாலும் நோ ப்ராப்ளம் சார். புரியுதா? நோ ப்ராப்ளம்."

அப்போது செல்வி மிஷினில் உட்காரும் சாதாரணத் தையல்காரி. நான் வந்தவர்களைச் சுற்றிக்காட்டிக்கொண்டு போனேன். அவள் அருகில் நாங்கள் நின்ற நேரம், மிஷின் ஊசி அவள் விரலில் இறங்கிவிட்டது. அவள் முகம் எனக்குத் தெரியும், புரிந்துவிட்டது. வந்தவர் குனிந்து சிரித்து, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். "நோ ப்ராப்ளம் சார்" என்றாள் என் தங்கை, கையைத் தோலுக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவர் அடுத்த லைனுக்குப் போன பிறகுதான் கையை எடுத்தாள்.

இது அடக்கமும் இல்லை, பண்பாடும் இல்லை. ஆர்டர் கொடுக்கிறவனிடம் குறை சொன்னால் ஆர்டர் போய்விடும் என்கிற பயம். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, எந்த ஊர்த் தொழிற்சாலைக்குப் போனாலும் இதே பாடம்தான். இதற்கு யாரும் அழகான பெயர் வைக்காதீர்கள்.

4

வசந்தம் முடியும்போது ஹோல்கர் சொல்லிவிட்டார். இலையுதிர் காலத்தில் சப்ளையர்களை மறுபரிசீலனை செய்வார்களாம். தாமதத்துக்கான காரணம் அதற்குள் கணினியில் தெரியாவிட்டால், மூன்றாம் லைனின் மாடல் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

மூன்றாம் லைனில் எங்கள் மாடல் ஒன்றுதான் ஓடுகிறது. அந்த லைனுக்கு சூப்பர்வைசர் செல்வி. அவள் புருஷன் குடியாத்தத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர். தறி ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் நிற்கும். வீடு நடப்பது செல்வியின் சம்பளத்தில்.

அதனால் 'நிலவரம்' கட்டத்தை மையத்தில் உருவாக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். ஒரு கட்டம். எழுத்து மட்டும் போடக்கூடிய ஒரு கட்டம். நிர்வாகிக்கு அதை உருவாக்க ஒரு காபி குடிக்கிற நேரம் போதும்.

முதலில், விண்ணப்பம் தவறான பிரிவுக்கு வந்திருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்து, இந்தக் கட்டத்தின் தொழில்சார் தேவையை விளக்கவும் என்று வந்தது. விளக்கினேன். பிறகு தரவுப் பாதுகாப்பு அதிகாரி. இஷ்டத்துக்கு எழுதக்கூடிய கட்டம் என்றால் யாராவது ஒருவருடைய பெயரை எழுதிவிடலாம் அல்லவா? எழுதினால் அது தனிநபர் தகவல். தனிநபர் தகவல் என்றால், இங்குள்ள ஊழியர்கள் தேர்ந்தெடுத்த தொழிலாளர் குழுவின் சம்மதம் வேண்டும். யார் தாமதம் செய்தார் என்று தெரிந்துவிட்டால் அது ஊழியரைக் கண்காணிப்பது ஆகிவிடுமாம். எந்த ஊழியரை? ஜன்னல் ஓரத்தில் தோல் துண்டை வைத்திருந்த ஊழியரை. அவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. செல்விக்கு எந்தக் குழு இருக்கிறது?

கோபத்தில் தொழிலாளர் குழுவின் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் ஜெர்மன் வேலைக்குப் போதும், கோபத்துக்குப் போதாது. 'நீங்கள்' வர வேண்டிய இடத்தில் 'நீ' விழுந்துவிட்டது. அவருடைய பதிலில் முதல் பத்தி முழுக்க அதைப் பற்றித்தான். கட்டத்தைப் பற்றி கடைசியில் ஒரு வரி: அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்.

நடுவில் ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்டில் இங்கே எல்லோரும் விடுமுறை.

ஒவ்வொரு ஞாயிறும் செல்வி போன் செய்வாள். "அந்தக் கட்டம் வந்துச்சா அக்கா?" என்று கேட்பாள். மழை வந்ததா என்று கேட்கிற மாதிரி கேட்பாள். லைனில் இருக்கும் மற்ற பெண்களும் கேட்கிறார்களாம். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒருத்தி, "உங்க அக்கா ஒரு பொட்டி செய்யச் சொல்லியிருக்காங்களாமே, செஞ்சிட்டாங்களா?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாள்.

5

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. இங்கே பிறந்தவள். செல்வி போன் செய்தால் "ஹாய் சித்தி" என்று கையை ஆட்டிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். அதற்குமேல் பேச அவளிடம் தமிழ் இல்லை, ஆசையும் இல்லை.

ஒரு ஞாயிறு நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பிரச்சினை என்றாள். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஜெர்மனில் சொன்னாள், "அந்த அங்கிள் தொண்ணூறு என்று எழுதியிருக்கிறார். முடியவில்லை என்றால் ஏன் தொண்ணூறு என்று எழுத வேண்டும்? உங்கள் பாஸ் சொல்வது சரிதான்."

"அவர் பயந்து எழுதுறாருடி."

"யாருக்குப் பயம்? ஹோல்கருக்கா?" சிரித்துவிட்டாள். ஹோல்கர் கோடையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அரைக்கால் சட்டையோடு வந்து சாசேஜ் சுட்டவர். அவருக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை. பயப்படாமல் வளர வேண்டும் என்றுதான் இவளை இங்கே வளர்த்தேன். வளர்ந்துவிட்டாள். இப்போது அவளுக்கும் செல்விக்கும் நடுவில் நான் நிற்கிறேன், இருவருக்கும் மற்றவரைப் புரியவைக்க முடியாமல்.

6

கட்டம் வந்தது. செப்டம்பரில் ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் மையத்தில் 'நிலவரம்' இருந்தது. ஜெர்மனில் வேறு பெயர் வைத்திருந்தார்கள், பரவாயில்லை. நான் இருந்த இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டேன்.

கூடவே இரண்டு நிபந்தனைகள் வந்தன. ஒன்று, அந்த வேலைக்குப் பொறுப்பானவர் மட்டும்தான் அதில் எழுதலாம். வேறு யாரும் அவருக்காக எழுதக் கூடாது. இரண்டு, கோப்பு அனுப்பி வாங்குவது இனிமேல் கிடையாது. இம்தியாஸ் பாய்க்கே நேரடியாக இணைப்பு கொடுக்கப்படும். அவர் ஆம்பூரில் எழுதிச் சேமித்து வெளியிட்டால் அடுத்த நிமிடம் ஹோல்கரின் திரையில் தெரியும். நடுவில் நான் தேவையில்லை. இதை என் வெற்றி என்று ஹோல்கர் அறிவித்தார். உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார்.

பாய்க்குப் போன் செய்து சொல்லிக்கொடுத்தேன். மென்பொருளை மூடித் திறந்தால்தான் புதுக் கட்டம் இறங்கும், பழைய கட்டமும் பழைய பெயரில் இருக்கும், அதில் எழுதக் கூடாது, சேமித்தால் மட்டும் போதாது, வெளியிட வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் செய்தார்.

திங்கட்கிழமை திறந்து பார்த்தேன். நிற ஒப்புதல், தொண்ணூறு சதவீதம். பக்கத்தில் நிலவரம். நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: எல்லாம் சரியாகப் போகிறது, சீக்கிரம் முடிந்துவிடும், நன்றி.

வெட்டு: எல்லாம் சரி. தையல்: எல்லாம் சரி.

போனை எடுத்தேன்.

"பாய், இன்னா எழுதியிருக்கீங்க?"

"ஏம்மா, ஸ்பெல்லிங் தப்பா?"

"கலர் வந்துச்சா?"

"எங்க வந்துச்சு. இன்னும் அங்கதானே வெச்சினு இருக்காங்க."

"அத எழுத வேண்டியதுதானே. அதுக்குத்தானே நாலு மாசம் நாய் மாதிரி அலைஞ்சேன்."

அவர் பொறுமையாக, எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்பதுபோலப் பேசினார்.

"இன்னாமா நீ. உனக்கு அனுப்புற ஃபைல்ல எழுதுனது வேற. நீ நம்ம பொண்ணு. இது அவங்க பாக்குற இடம். ஆர்டர் குடுக்குறவன் மூஞ்சிக்கு நேரா, உன்னாலதான் லேட்டுன்னு எழுதுவாங்களா? நம்ம எம்.டி.யும் இதப் பாக்குறாரு. எழுதுனா நாளைக்கு நான் வீட்ல."

"எழுதலன்னா மூணாவது லைன் வீட்ல, பாய்."

"நீ அங்கதானே இருக்க. நீ வாயால சொல்லுமா. நீ சொன்னா கேப்பாங்க."

ஹோல்கரின் அறைக்குப் போய் வாயால் சொன்னேன். இது உண்மை இல்லை, மரியாதைக்காக எழுதியது, பயத்தில் எழுதியது, பழைய கோப்புகளில் வேறு மாதிரி இருக்கிறது, காட்டுகிறேன் என்றேன். அவர் முழுக்கக் கேட்டார். கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கட்டத்தைக் கேட்டது நீங்கள். சப்ளையர் தன் கையால், தன் பெயரில், எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறார். இப்போது அதையும் நம்பாதே என்கிறீர்கள். நான் எதைத்தான் நம்புவது?"

பழைய கோப்புகளைக் காட்டினேன். ஆங்கில எழுத்தில் தமிழ். அவர் உற்றுப் பார்த்தார். மொழிபெயர்ப்பது யார் என்று கேட்டார். நான் என்றேன். அங்கே வேலை செய்வது உங்கள் சகோதரி அல்லவா என்றார். வெளியே வந்துவிட்டேன்.

பாயை மறுபடியும் கூப்பிட்டேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதச் சொல்லிக் கெஞ்சினேன், பிறகு திட்டினேன். அவர் எழுதினார். கட்டத்தில் வந்தது இது: உங்கள் அன்பான ஒப்புதலை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம், ஒன்றும் அவசரம் இல்லை.

மறுபரிசீலனைக் கூட்டத்தில் மாத அறிக்கையைச் சுவரில் போட்டார்கள். புதுக் கட்டம் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் வந்து சேர்ந்திருந்தது. சப்ளையரே அவசரம் இல்லை என்கிறார் என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். தாமதத்துக்கு எங்கள் தரப்பில் காரணம் பதிவாகவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் லைனின் மாடல் வேறு நாட்டுக்குப் போனது.

7

லைன் மூடிய அன்று செல்வி போன் செய்யவில்லை. மறுநாளும் இல்லை. நான் செய்தேன். பஸ்ஸில் இருந்தாள், ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வேலை இல்லையாம். மறுபடியும் மிஷினில் உட்காரச் சொல்கிறார்களாம்.

"உட்காருவியா?"

"உட்காராம?"

"பாய் மேல கோவமா?"

"அவர் மேல இன்னா கோவம். அவருக்கு மூணு பொண்ணு இருக்குது. அவர் எடத்துல இருந்தா நானும் அதையேதான் எழுதியிருப்பேன்." கண்டக்டரோடு ஏதோ பேசிவிட்டுத் திரும்ப வந்தாள். "நேத்து வீட்டுக்கு வந்தாரு. வாசல்லயே நின்னுனு அழுதாரு. நான்தான் டீ போட்டுக் குடுத்து அனுப்புனேன்."

வேறு வழி பார்க்கிறேன் என்றேன். ராணிப்பேட்டைத் தொழிற்சாலையின் பெயரைக் கேட்டேன், எங்கள் கம்பெனிக்கு அவர்களோடு ஏதாவது தொடர்பு இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்று.

அவள் பெயரைச் சொல்லவில்லை.

"வேணாம் அக்கா," என்றாள். "அந்தக் கம்பெனிய நீ ஒண்ணும் பண்ணாத. அப்படியே உட்டுடு."

அவள் குரலில் கோபம் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையிடம் பேசுவதுபோலத்தான் சொன்னாள். நான் சரி என்றேன். அவளுடைய நிறுத்தம் வந்துவிட்டது, இறங்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.